துண்டு தொங்கும் எழுத்து

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் சீட்டு ஒட்டப்படாதவை இரண்டே இரண்டுதான்: சுவரில் சிலுவையில் தொங்கிய இயேசுவின் பாடுபட்ட சுரூபம், அப்பா. சுரூபத்தைத் தொட அம்மா விடவில்லை. அப்பா விடியுமுன் கடலுக்குப் போய்விடுவதால் மாமாவின் கைக்கு அகப்படவில்லை. மற்றபடி குடம், அடுப்பு, கதவு, பீரோ, ஃபேன் சுவிட்சு வரைக்கும் ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு ஜப்பானிய எழுத்து உட்கார்ந்திருந்தது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. ஆலந்தலையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தவர். கிடைத்ததோ துறைமுகச் சாலையில் ஓர் எடைமேடையில் கரி லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. பிழையாகிப்போன எடைச் சீட்டுகளைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வருவார். முன்பக்கம் லாரி நம்பரும் டன் கணக்கும் இருக்கும். பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டுவார். குடத்தில் 水, தண்ணீர். அடுப்பில் 火, நெருப்பு. அம்மா குடத்தைக் கழுவும்போதெல்லாம் தண்ணீர் அழிந்துபோகும். அடுப்பு எழுத்து ஒருநாள் நிஜமாகவே எரிந்தது.

திருநெல்வேலியில் ஓர் ஏஜென்சி மாமாவை ஜப்பானில் ஒரு கப்பல் கட்டும் கூடத்துக்குத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. வெல்டிங்கில் குறை சொல்ல ஆளில்லை. மொழிப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. அது சென்னையில், வருடத்துக்கு இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும். முதல் தடவை மாமா கோட்டை விட்டுவிட்டார். ஜூலையில் இரண்டாவது தடவை. இதிலும் தவறினால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஏஜென்சிக்காரர் சொல்லிவிட்டார். அன்றுமுதல் மாமா உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. மொட்டைமாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே படிப்பார். சோறு தின்னும்போதும் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

நானும் ஓர் இடத்தில் இருக்கும் பிறவி இல்லை. "ஏளா, காலுல சக்கரமா கெட்டியிருக்க? செத்த ஒரு எடத்துல இரியேன்" என்று அம்மா நாளுக்குப் பத்து முறை கத்துவாள். ஆக, நடந்து படிக்கும் மாமாவுக்கு நடந்து கேள்வி கேட்க வாகான ஆள் நான்தான். சீட்டைக் காட்டி, "இது என்ன மாமா?" என்று பின்னாலேயே ஓடுவேன். அவர் யோசித்துக்கொண்டே திரும்புவதற்குள் எனக்கு விடை தெரிந்துவிடும். தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

மாமாவைப் பாடாய்ப் படுத்தியது, ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று ஓசைகள் இருந்ததுதான். தனியாக நின்றால் ஒரு மாதிரி, இன்னொரு எழுத்தோடு சேர்ந்தால் வேறு மாதிரி. கடைசியில் அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் ஆட்களில் எல்லாருக்கும் இரண்டு பெயர் உண்டு. ஞானஸ்நானப் பெயர் கோயில் புத்தகத்தில் இருக்கும். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "அதே மாதிரிதான் மருமவளே. தனியா இருக்கும்போது வீட்டுப் பேரு. நாலு பேரோட வெளிய போவும்போது கோயில் பேரு." அதற்குப் பிறகு எனக்கு அந்த மொழியில் சிரமம் என்று எதுவும் தோன்றவில்லை. மாமாவுக்குத் தோன்றிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வருடம் எனக்குப் பிடித்துப்போன எழுத்து 帰. வீட்டுப் பெயர் கயேரு. திரும்பி வருவது, அதுவும் தன் வீட்டுக்குத் திரும்புவது. கோயில் பெயர் கி. சொந்த நாட்டுக்குத் திரும்பினால் கிகொக்கு, வீட்டுக்குத் திரும்பினால் கித்தாக்கு, கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பினால் கிகோ. வீட்டுக்குள் நுழைகிறவரைப் பார்த்து ஒகயேரி என்பார்களாம். அம்மா அப்பாவைப் பார்த்து "வந்துட்டீயளா" என்பாளே, அதுதான். மொத்தம் பத்துக் கோடு. மாமா அதை எனக்கு ஒரு வீடாகக் காட்டினார். இடது பக்கம் இரண்டு கோடு வாசல் கம்பு. வலது பக்கம் மேலே சீப்பு மாதிரி ஒன்று; அது சன்னல். அதற்குக் கீழே கூரை. கூரைக்குக் கீழே கொடியில் ஒரு துண்டு தொங்குகிறது.

"துண்டு தொங்குனா என்ன அர்த்தம்? ஆளு வீடு வந்து சேந்துட்டான்னு அர்த்தம்" என்றார்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வரும்போது நான் முதலில் பார்ப்பது கொடியைத்தான். அப்பாவின் ஈரத் துண்டு தொங்கினால் பையை வீசிவிட்டு விளையாடப் போவேன். தொங்காவிட்டால் வாசலுக்கும் கடற்கரைக்கும் நடந்துகொண்டிருப்பேன். மே மாதத்தில் ஒருநாள் எஞ்சின் பழுதாகி, அப்பா மறுநாள் மத்தியானம்தான் வந்தார். அந்த ஒரு நாளில் நான் எத்தனை தரம் கடற்கரைக்குப் போய் வந்தேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் தெருவில் கடலுக்குப் போகிறவர் யாரும் "போறேன்" என்று சொல்ல மாட்டார்கள். "போயிட்டு வாரேன்" என்பார்கள். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். அன்று காலை அப்பா அவசரத்தில் ஒன்றும் சொல்லாமல் போயிருந்தார். அதனால்தான் எஞ்சின் நின்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூனில் அப்பாவின் ஃபைபர் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்தார்கள். அரசாங்கம் சொன்ன பச்சை நிறம், அதன்மேல் பதிவு எண், முகப்பில் ஒரு சிலுவை. எண் எழுதியவர் கறுப்புப் பெயின்ட்டை ஒரு சிரட்டையில் மிச்சம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் சிரட்டையையும் பிரஷ்ஷையும் எடுத்தேன். சிலுவைக்குப் பக்கத்தில், என் முழங்கை நீளத்துக்கு, பத்துக் கோடு. துண்டை மட்டும் கொஞ்சம் நீளமாகத் தொங்கவிட்டேன்.

"என்னளா இது?" என்றார் அப்பா.

"வீட்டுக்கு வார எழுத்து. நீங்க சொல்ல மறந்தாலும் படகு சொல்லிக்கிடும்."

அப்பா கீழே வழிந்த பெயின்ட்டை விரலால் துடைத்தார். பிறகு, "இருந்துட்டுப் போவுது. வாரது நல்லதுதான" என்றார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. செல்போனில் படம் எடுத்து ஏஜென்சிக்காரருக்கே அனுப்பினார். சிலுவையை மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் அதன்மேலும் சேர்த்துத்தான் தீர்த்தம் தெளித்தார்.

பரீட்சைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை என்பதால் அன்று எல்லாப் படகும் போயிருந்தது. மாமாவுக்கு இரவு எட்டு மணிக்கு ரயில். காலையிலிருந்தே பையை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார். அம்மா எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் ஒரு கிலோ வாங்கி வந்து, "பரீட்சை வைக்கிற ஜப்பான்காரருக்குக் குடுலே, நல்லா இருக்கட்டும்" என்றாள். மாமா மறுக்கக்கூட இல்லை. பைக்குள் வைத்துவிட்டு மறுபடி நடந்தார். வீட்டில் எல்லாருக்கும் அந்த நடை தொற்றிக்கொண்டது. அம்மா இரண்டு முறை உப்புப் போட்டாள்.

மூன்று மணிக்கு மீனவர் சங்கத் தலைவரிடமிருந்து போன் வந்தது. கடலோரக் காவல் ரோந்துப் படகு அப்பாவின் படகை நிறுத்தி, ஆட்களோடு கரைக்குக் கொண்டுவந்திருக்கிறதாம். படகின் முகப்பில் சீன எழுத்து இருப்பதால் சந்தேகமாம். அப்பா, "எம் மவ எழுதுனது" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். பத்து வயதுப் பிள்ளை சீன எழுத்து எழுதுமா என்று அவர்கள் நம்பவில்லை. அந்தப் பாஷை தெரிந்த ஆள் வந்து சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றார் தலைவர்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் நேராக நினைத்துப் பார்க்க முடியாது. மாமா பையை வாசலிலேயே வைத்துவிட்டு பைக்கை எடுத்தார். நான் அவருடைய நோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறிவிட்டேன். இறங்கு என்று அவரும் சொல்லவில்லை.

படகுத்துறையில் ஒரு தகரக் கொட்டகை. அப்பாவும் அவரோடு போன இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் துண்டு கழுத்திலேயே கிடந்தது. மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி கோபக்காரராகத் தெரியவில்லை, சலித்துப்போனவராகத்தான் தெரிந்தார். இப்படிப்பட்ட நாளும் வந்துவிட்டதே என்பதுபோல மாமாவைப் பார்த்தார்.

"இது என்ன எழுத்து?"

"ஜப்பான் எழுத்து சார். கயேரு. திரும்பி வாரதுன்னு அர்த்தம்."

"ஜப்பான்னு எப்படி நம்புறது?"

மாமா, நாளைக்குத் தனக்கு ஜப்பான் மொழிப் பரீட்சை என்று சொல்லி, கடகடவென்று கிகொக்கு, கித்தாக்கு, கிகோ எல்லாவற்றையும் ஒப்பித்தார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கயேருன்னீங்க. இப்ப கிங்கிறீங்க. ஒரு எழுத்துக்கு ரெண்டு பேரா?" இரண்டு பெயர் வைத்திருப்பவர்களைப் பற்றி அவருடைய உத்தியோகத்தில் நல்ல அபிப்பிராயம் இருந்திருக்காது. மாமா வீட்டுப் பெயர், கோயில் பெயர் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அப்பாவுக்கும் இரண்டு பெயர் உண்டு என்று உதாரணமும் காட்டினார். அது உதவுகிற மாதிரித் தெரியவில்லை.

"சரி, படகுல எழுதுனது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "நாந்தான் சார்" என்றார்.

அதிகாரி ஒரு தாளையும் பேனாவையும் தள்ளினார். "எழுதிக் காட்டுங்க."

மாமா பேனாவை எடுத்தார். இடது பக்கத்துக் கோடு இரண்டையும் போட்டார். அதோடு நின்றுவிட்டார். வெளியே ஒரு விசைப்படகு எஞ்சினைக் கிளப்பி அணைத்தது. மாமாவின் மூக்கு நுனியில் வியர்வை திரண்டு தாளில் சொட்டியது. பேனா முனை சன்னல் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலேயே நின்றது, இறங்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. சன்னல், மாமா, சன்னல் என்று உள்ளுக்குள் கத்தினேன். அப்பா படிக்கட்டிலிருந்து எழுந்து நின்றார். இனி ஒரு நொடிகூட என்னால் பொறுக்க முடியவில்லை. மாமாவின் கையிலிருந்து பேனாவை எடுத்து, அவர் விட்ட இடத்திலிருந்து சன்னல், கூரை, துண்டு என்று மடமடவென்று எழுதி முடித்தேன்.

அதிகாரி தாளைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போனார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். துண்டு இரண்டிலும் ஒரே அளவுக்கு நீளமாகத் தொங்கியது. திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். "ஏம்ப்பா, நாளைக்குப் பரீட்சைக்கு இந்தப் பொண்ணை அனுப்பிடுங்க" என்றார். கொட்டகையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். அவருடைய வலது கை மட்டும் மேசைமேல், பேனாவைப் பிடித்த வாக்கிலேயே இருந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. அப்பாவை மீட்டுவிட்டேன் அல்லவா!

எழுத்தை அழித்துவிட்டுத்தான் படகை எடுக்க வேண்டும் என்று மட்டும் அதிகாரி சொன்னார். மாமா தின்னரும் பழந்துணியும் கேட்டு வாங்கினார். "நீ வீட்டுக்குப் போளா, நாங்க முடிச்சுட்டு வாரோம்" என்று அப்பாவோடு வந்த ஒருவருடன் என்னை அனுப்பிவைத்தார். அப்போது மணி ஐந்து இருக்கும்.

ஆறானது. ஏழானது. கொடியில் துண்டு இல்லை. வாசலில் மாமாவின் பை இருந்தது. அம்மா தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்தாள். அவள் வரும்போது நான் போனேன். மாமாவின் செல்போன் அணைந்திருந்தது. அப்பாவின் போன் கடலுக்குப் போகையில் எப்போதும்போல் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் எங்கோ கிடந்தது. ஏழரைக்கு நான் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கே போய்விடலாமா என்று பார்த்தேன், தூக்க முடியவில்லை. எட்டு மணிக்கு ரயிலின் ஊதல் கேட்டது. எங்கள் வீட்டுக்கு அது தினமும் கேட்கும். அன்றுதான் அதைக் கேட்டு அழுதேன்.

எட்டரைக்கு இருவரும் வந்தார்கள். "விட நேரமாக்கிட்டானுவ" என்றார் மாமா. அம்மா பஸ்ஸில் போகச் சொன்னாள். சனிக்கிழமை பஸ்ஸெல்லாம் நிறைந்திருக்கும் என்றார். நின்றுகொண்டாவது போ என்றாள். பஸ் என்றால் வாந்தி வரும் என்றார். அப்பா துண்டைக் கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். நான் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினேன். அவர் என் தலையைத் தடவி, "நீ ஒன்னும் செய்யல, மருமவளே" என்றார். இவ்வளவு நல்ல மனுஷனின் ஜப்பான் கனவில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று இன்னும் சத்தமாக அழுதேன். மறுநாள் பூசை முடிந்து வந்து எல்லாரும் மக்ரூன் தின்றார்கள். என் வாய்க்குள் அது கரையவில்லை.

அடுத்த வாரம் கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதைத்தான் சொன்னேன். படகில் எழுதினேன், அதனால் மாமாவின் பரீட்சை போய்விட்டது என்று. சாமியாருக்குச் சிரிப்பு வந்ததா என்று மறைப்புக்கு இந்தப் பக்கமிருந்து தெரியவில்லை. பாவத்துக்குப் பரிகாரமாக மாதா செபமான மங்கள வார்த்தையை மூன்று முறை சொல்லச் சொன்னார். நான் முப்பது முறை சொன்னேன்.

மாமா மறுபடி பரீட்சைக்குப் பணம் கட்டவில்லை. வீடெங்கும் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து எறிந்தார். உரித்ததை எல்லாம் நான் பொறுக்கி வைத்துக்கொண்டேன். ஒரு தண்டனையைப் போலத்தான் முதலில் படித்தேன். பிறகு விட முடியாமல் போயிற்று. மாமா இப்போது திருச்செந்தூர் சாலையில் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். சன்னல் கிரில் செய்வதில் கெட்டிக்காரர். எந்நேரமும் சிரிப்பும் பேச்சுமாக இருப்பார். ஜப்பான் பேச்சை எடுத்தால் மட்டும் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டு வெல்டிங்கைத் தொடங்கிவிடுவார்.

அதே பரீட்சையை நானும் எழுதினேன். நர்சிங் முடித்திருந்த எனக்கு ஜப்பானில் ஒரு துறைமுக ஊரின் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாளில் அதே எட்டு மணி ரயில். ஸ்டேஷனுக்கு அம்மா, அப்பா, மாமா எல்லாரும் வந்திருந்தார்கள். அம்மா சற்றுத் தள்ளி யாரிடமோ பேசிக்கொண்டிருக்க, மாமா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன இடைவெளியில், பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, "அன்னிக்கு நான் அந்தப் பெயின்ட்ட எடுக்காம இருந்திருந்தா இந்த ரயில்ல மாமா போயிருப்பாவ" என்றேன்.

அப்பா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெயின்ட்டு கால் மணி நேரத்துல போயிருச்சு. அஞ்சரைக்கே எங்கள விட்டுட்டாவ."

"பொறவு எட்டர வரைக்கும் எங்க இருந்தீய?" என்றேன்.

"உங்க மாமன் டீக்கடைல உக்காந்தான். நாலு டீ குடிச்சான். மாப்ள ரயிலு, மாப்ள ரயிலுன்னு நான் சொல்லுதேன். நேரம் கெடக்கு அத்தான்ங்கான். ஊதல் கேட்ட பொறவுதான் எந்திரிச்சான். உங்க அம்மைக்குத் தெரியாது. நீயும் சொல்லாத."

அந்தப் பரீட்சையில் எழுத்தை எழுதிக் காட்டவே வேண்டியதில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். ஒரு தடவை போய்வந்த மாமாவுக்கு அது தெரியும். பன்னிரண்டு வருடமாக நான் மனசுக்குள் அழித்து அழித்துக் கழுவிக்கொண்டிருந்த கறுப்புப் பெயின்ட், அவரை ஒரு நாளும் தடுத்ததில்லை. தகரக் கொட்டகையும், தாளில் நின்றுபோன இரண்டு கோடும், மேசைமேல் மடங்கியே இருந்த அந்தக் கையும் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. எல்லாரும் சிரித்தார்களே, மாமாவும் சிரித்தாரே என்றுதான் அந்த மாலையை இத்தனை காலமும் வைத்திருந்தேன்.

மாமா தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். ரயில் ஊதிவிட்டது. "போயிட்டு வாரேன் மாமா" என்றேன். சன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்து, "பயப்படாத மருமவளே, ஒனக்கென்ன" என்றார்.

அந்த வயதில் எனக்குப் பெயின்ட் எடுத்தது பாவம் என்று தெரிந்திருந்தது. மாமாவின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதற்காக நான் இன்றுவரை ஒரு மங்கள வார்த்தைகூடச் சொன்னதில்லை.